கல்மரம் பார்க்கப் போட்ட திட்டம்

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாக வேறு பேச்சே இல்லை. அரியலூர்ப் பக்கம் போய்க் கல்லாகிப்போன கடல் சிப்பிகளைப் பொறுக்குவது, திரும்பும்போது திருவக்கரையில் கல்மரங்களைப் பார்ப்பது என்று திட்டம். பதினான்கு பேர், மூன்று கார். காலைச் சிற்றுண்டி எந்த ஊரில் என்பதற்கு இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்துவிட்டது. உங்களில் ஒருவர் இணையத்தில் சுத்தியல் வரவழைத்து, அதைத் தராசில் வைத்துப் படம் அனுப்பினார். இன்னொருவர் புலி வேட்டைக்குப் போகிறவர் மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அதற்கு எல்லோரும் கைதட்டினீர்கள். அறுபதைத் தொடப்போகிறவர்கள். மூட்டுத் தைலம் யார் பொறுப்பு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

"நீ மட்டும் பதிலே போடல. வர்றியா, இல்லியா?" என்று நேற்று ஒருத்தி கேட்டாள்.

வரவில்லை. காரணம் முழங்கால் இல்லை. அதைக் குழுவில் நாலு வரியில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். அடுத்த வாக்கெடுப்புக்கு முன்னால் நேரம் இருந்தால் படியுங்கள்.

இப்படி ஒரு திட்டம் போட்டவர்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நாம் ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்த கோடை அது. ஆம்பூரில் எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முன்னறை நீளமானது, சிவப்புத் தரை. அந்த நீளமான அறைதான் எங்களுக்குப் பிடித்த சனி. ஊரில் யார் எதைப் பற்றிக் கூடிப் பேசுவதென்றாலும் அப்பா அங்கே பாயை விரித்துவிடுவார்.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. வாரம் ஒருமுறை லோடோடு சென்னைக்குப் பெரியமேடு போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவார். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில், பேஸ்டிங் மேசையில் வேலை. ஷூவின் மேல்பாகத் தோல்களுக்குப் பசை தடவி ஒட்டுவது. காலையில் போகிறவள் மாலையில் வரும்போது கண் சிவந்திருக்கும். வந்ததும் ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் படுப்பாள். அந்த நேரத்தில் நான் சொம்பைக் கீழே வைக்கும் சத்தம்கூட அவளுக்குத் தலையில் இடிக்கும். தையல் மெஷினுக்கு மாற்றச் சொல்லி மூன்று வருடமாகச் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "லைன் ஃபுல்லும்மா" என்பது அவருடைய பதில்.

அந்தச் சூப்பர்வைசர்தான் திட்டத்தின் தலைவர்.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், சட்டையை நன்றாக இஸ்திரி போடுவார். பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அதில் பாதிச் சாவிகளுக்குப் பூட்டே கிடையாது என்று அம்மா சொல்லுவாள். கம்பெனிக்கு வரும் ஜெர்மன்காரர் ஒருவர், "கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் உங்கள் ஊரிலிருந்து அரை நாள் தூரத்தில் கல்லாகக் கிடக்கின்றன, பார்த்திருக்கிறீர்களா?" என்று இவரைக் கேட்டுவிட்டார். இவர் பார்த்ததில்லை. பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த முறை வரும்போது ஒரு துண்டு கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். அந்தத் துண்டு ஜெர்மன்காரர் கைக்குப் போய்விட்டால் தனக்கு மேனேஜர் நாற்காலி வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஞாயிறுதோறும் பதினொரு மணிக்குக் கூட்டம். அவர் வீட்டில் கூடவில்லை. அவர் மனைவிக்கு இந்த மாதிரிக் கூத்தெல்லாம் பிடிக்காது. அதனால் எங்கள் வீடு. சூப்பர்வைசர், அப்பா, கம்பெனியில் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் இரண்டு பேர், அப்புறம் வேன் பாய். வேன் பாய் தோலுக்குச் சாயம் விற்கிறவர். அவரைச் சேர்த்துக்கொண்டது வேனுக்காக. அது அவருக்கும் தெரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கூட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். அந்த அறையில் உருப்படியான காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

யாருடைய பள்ளிக்கூட அட்லஸிலிருந்தோ கிழித்த தமிழ்நாட்டுப் படம் ஒன்றைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு தம்ளர் வைத்தார்கள். ஆரணி வழியா, திருவண்ணாமலை வழியா என்பதற்கு ஒரு ஞாயிறு போனது. வேனில் முன்சீட்டு யாருக்கு என்பதற்கு ஒரு ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் இங்கிருந்தே கொண்டுபோவதா, வழியில் வாங்குவதா என்பது. அப்பாவுக்குக் கையெழுத்து அழகு என்பதால் பட்டியல் எழுதும் வேலை. ஜமக்காளம், டார்ச், எலுமிச்சம்பழம், உளி, சுத்தியல் நாலு. ஒரு கோணிப்பை என்று தொடங்கியது ஆறு கோணிப்பை ஆனது.

"ஒரு பீஸ், தொட சைஸுக்கு," என்று சூப்பர்வைசர் தன் தொடையைத் தட்டிக் காட்டுவார். "அதை வெச்சி ஜெர்மன்காரன் மூஞ்சிய பாக்கணும்."

அம்மா உள்ளே மசால் வடை சுட்டுக்கொண்டிருப்பாள். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை நாள் அது. "வடையில உப்பு கம்மி" என்று முன்னறையிலிருந்து குரல் வரும். வடை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நாலாவது ஞாயிறு அம்மா தட்டை வைத்துவிட்டு உடனே உள்ளே போகவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் சார், மரம் எப்படி கல்லாவும்?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாலு வாரமாக அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் சிரித்தார். "அதெல்லாம் சயின்ஸும்மா. உனக்கு இன்னாத்துக்கு அது? டீ இன்னும் ஒரு ரவுண்டு கொண்டா."

தலையாட்டும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவருக்கும் பதில் தெரியாது.

அம்மாவின் பெயரும் என் பெயரும் அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்தன. பக்கத்தில் 'சமையலுக்கு' என்று அடைப்புக்குறியில் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அன்று அதைப் பார்த்துவிட்டு, "லேடீஸ் வந்தா பேஜாருப்பா. வண்டிய அங்கங்க நிறுத்தணும். அடிச்சிடு" என்றார். அப்பா ஸ்கேலை எடுத்து வைத்து, இரண்டு பெயர்களுக்கும் குறுக்கே நேராகக் கோடு போட்டார். கோணலாகப் போட்டிருந்தால்கூட ஏதோ மனசில்லாமல் போட்டார் என்று நினைத்திருப்பேன்.

அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை அப்பா பெரியமேட்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமை விடியற்காலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். தலைவாரிப் பூ வைத்து, பட்டுப்புடவை இல்லாமல் அதற்கு அடுத்த நல்ல புடவையைக் கட்டியிருந்தாள்.

"எந்திரி. பாவாடைய மாத்திக்க."

"எங்கம்மா?"

"கல்மரம் பாக்க."

முந்தின நாள் மாலையே சூப்பர்வைசரிடம் உடம்பு சுடுகிறது, நாளைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது ஷிப்மென்ட் நேரம். அந்த நேரத்தில் பொய் சொல்லி லீவு எடுத்த இரண்டு பெண்களை அவர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். அவர்கள் மறுபடி உள்ளே வரவில்லை. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. புளிச்சோற்றுத் தூக்கும் தண்ணீர்ப் பாட்டிலும் என் கையில். அது மட்டும்தான் எங்கள் பட்டியல்.

வேலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு ஒன்று, அப்புறம் ஒரு டவுன் பஸ். ஒவ்வொரு கண்டக்டரிடமும் அம்மா கேட்டாள். "கல்மரமா? அப்படி ஒண்ணு கேள்விப்படலியே. திருவக்கரை காளி கோயில்னா தெரியும்" என்றார் கடைசிக் கண்டக்டர். சரி, காளி கோயிலுக்கே கொடுங்கள் என்று சொல்லி டிக்கெட் வாங்கினாள். ஆறு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிற காரியத்தை அவள் முடித்த விதம் அது.

பதினொன்றரை மணி வெயில். செம்மண் மேடு, முள்வேலி, உள்ளே கள்ளியும் வேலமரமும். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெரிய பெரிய அடிமரங்கள், சில என் உயரத்துக்குப் பருமன். பழுப்பு, சந்தன நிறம், ஓரங்களில் வெள்ளை. பட்டை உரிந்த இடம், கணு, வெட்டுமுகத்தில் வளையம் வளையமாகக் கோடு, எல்லாம் மரம்தான். ஓடிப்போய் ஒன்றைக் கட்டிப்பிடித்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

அம்மா மெதுவாக வந்தாள். பேஸ்டிங் மேசையில் தோலைப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் அழுத்தி, நகத்தால் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மரத்தை முழுதாகச் சுற்றினாள். அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது. நான் புளிச்சோறு புளிச்சோறு என்று நச்சரித்துக்கொண்டே பின்னால் போனேன்.

"இது இங்க மொளைச்சது இல்ல," என்றாள் கடைசியில். "பாரு, ஒண்ணுக்கும் வேரு இல்ல. கெளை இல்ல. எங்கேர்ந்தோ வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்திருக்கு."

"கல்லு எப்படி ஆச்சு?"

மரத்தின் கோட்டில் மறுபடி விரலை ஓட்டினாள். "அப்பா வேலை செய்ற எடத்துல தோலு தொட்டியில ஊறுது இல்ல? அந்த மாதிரி இது மண்ணுக்குள்ள எதுலயோ ஊறிக்கினே இருந்திருக்கு. உள்ள இருந்தது கரைஞ்சி கரைஞ்சி போயி, அந்த எடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்துக்குச்சி. கோடு மட்டும் அப்படியே கீது."

பின்னால் கல்லூரி நூலகத்தில் இதைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அம்மா சொன்னதற்கு மேல் அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். அவளைத்தான் டீ கொண்டுவரச் சொன்னார்கள்.

அங்கே காவலுக்கு ஒரு கிழவர் இருந்தார். காக்கிச் சட்டை, கீழே லுங்கி, கழுத்தில் பச்சைக் கயிற்றில் ஒரு விசில். வால் பாதி அறுந்த நாய் ஒன்று கூடவே வந்தது. கிளம்பும்போது என் தூக்கைத் திறக்கச் சொன்னார். புளிச்சோறு தீர்ந்த தூக்குக்குள் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை நான் போட்டு வைத்திருந்தேன்.

"எங்க எடுத்த?"

கையைக் காட்டினேன்.

"அங்கியே கொண்டுபோயி வெச்சிட்டு வா. இருந்த மாதிரியே வெக்கணும்."

"சின்ன துண்டு தானே தாத்தா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. எடுக்காம பாத்துக்கன்னாங்க, பாத்துக்கறேன்."

அம்மா எனக்காகப் பரிந்து பேசவில்லை. "போ, வெச்சிட்டு வா" என்றாள். வைத்துவிட்டு வந்தேன். அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தலைவலி இல்லை. ஆற்காடு தாண்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. ஆம்பூரில் இறங்கியதும் தோல் வாடை குப்பென்று அடித்தது. பிறந்ததிலிருந்து அதிலேயே இருந்தாலும் அன்றுதான் முதல்முறையாக அது என் மூக்கில் ஏறியது.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றாள் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டே. "அப்பாகிட்டயும்."

அந்த ஞாயிறு சூப்பர்வைசருக்கு ஏதோ கல்யாணம், கூட்டம் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு வரை ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். என் வயதுக்கு அது பெரிய சாதனை.

அன்று சூப்பர்வைசர் மறுபடி தொடையைத் தட்டினார். "ஒரு பீஸ், இந்த சைஸுக்கு. ரெண்டு பேரு சுத்தியால அடிங்க, ஒருத்தன் கோணியில போடு."

வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை தேய்த்துக்கொண்டிருந்த என் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"எடுக்க வுடமாட்டாங்க. விசில் ஊதுவாரு."

"யாரு ஊதுவாரு?"

"வாட்ச்மேன் தாத்தா. பச்சக் கயிறு போட்ட விசிலு. நாய்கூட இருக்குது, பாதி வாலு. நான் ஒரு சின்ன துண்டு எடுத்தேன், திரும்பி வெக்கச் சொல்லிட்டாரு. அதுக்கு வேரே இல்ல சார். வெள்ளத்துல வந்ததுன்னு அம்மா..."

அங்கே நிறுத்தினேன். வேன் பாய்கூட விழித்துக்கொண்டார்.

"எப்ப போனீங்க?" சூப்பர்வைசரின் குரல் இதமாக இருந்தது. எனக்கு அந்த இதம் பிடித்திருந்தது. என்னை ஒரு பெரியவர் முதல்முறையாக அக்கறையோடு கேட்கிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு... வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழம." அவர் தலையைத் திருப்பி அடுக்களைப் பக்கம் பார்த்தார். "வெள்ளிக்கெழம உங்கம்மாவுக்கு ஜுரம் இல்ல?"

அம்மா வெளியே வந்தாள். கையில் எண்ணெய்க் கரண்டி. அதை இடது கைக்கு மாற்றினாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரண்டியை மாற்றிக்கொண்டு, வலது கையால் என் கன்னத்தில் அறைந்தாள். நான் படியில் சாய்ந்தேன். எழுந்ததும் இன்னொன்று.

"பொய்யி. வாயத் தொறந்தா பொய்யி. நான் போர்வையப் போத்திக்கினு கெடக்கறேன், இவ கல்மரம் பாத்தாளாம். நீங்க வாராவாரம் பேசறத கேட்டுக் கேட்டுக் கனா கண்டிருக்கா சார்."

"நெஜமாம்மா..." என்றேன்.

மூன்றாவது அடி.

அவள் சொல்லாதே என்று சொன்னதை நான் சொன்னேன். அது என் குற்றம்தான், அதற்காக அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடித்தது பொய் சொன்னதற்காக.

அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "சார்கிட்ட சொல்லு. பொய் சொன்னேன்னு சொல்லு."

சொன்னேன். "நான் பொய் சொன்னேன் சார்." இதுவரை நான் சொன்ன பொய்களில் முதலாவது அதுதான். அதற்குத்தான் பாராட்டுக் கிடைத்தது.

"விடும்மா, அடிக்காத," என்றார் சூப்பர்வைசர், வள்ளல் மாதிரி. "கொழந்தைங்களுக்குக் கற்பன ஜாஸ்தி." ஆனால் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாக நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் போனார்கள். வேனில் ஸ்டவ், ஜமக்காளம், கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த நாலு சுத்தியல், ஆறு கோணி. சூப்பர்வைசர் முன்சீட்டில். ஞாயிறு மத்தியானம் திரும்பி வந்தார்கள். வழக்கம்போல எங்கள் வீட்டுக்கே. அம்மா டீ போட்டாள்.

நான் வேனைப் பார்க்க ஓடினேன். கோணிகள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. சுத்தியல் ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்தபோது சிவப்புத் தரையில் தேங்காய் அளவுக்கு ஒரு கல் இருந்தது. கறுப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று. நம் ரயில் பாதையோரம் கொட்டியிருக்கும் ஜல்லி, நன்றாகச் சாப்பிட்டுப் பெருத்தால் அப்படித்தான் இருக்கும்.

"போன காரியம் ஆச்சா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"ஆவாம இன்னா? அதோ பாரு."

அம்மா குனிந்து கல்லை எடுத்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கட்டைவிரலால் தடவினாள். கீழே வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அங்க காவலுக்கு யாராச்சும் இருந்தாங்களா சார்?"

சூப்பர்வைசரின் தம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். தலையாட்டும் இரண்டு பேரும் எதற்கும் தலையாட்டவில்லை. வேன் பாய் டீயில் புரையேறி இருமினார்.

சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் இல்லியே," என்றார். "ஒரே காடு."

"அதான் பாருங்க. விசிலுன்னா, நாயின்னா, இன்னா இன்னாவோ சொன்னா இவ."

"கொழந்த தானே."

"ஆமா சார். கொழந்த."

அவர் டீயைக் குடித்தார். உப்பு, சர்க்கரை எதிலும் குறை சொல்லவில்லை.

எனக்குப் பதினொரு வயது. ஆனாலும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அந்தக் கிழவர் இருந்தார், விசில் ஊதினார், சுத்தியல்களைப் பிடுங்கிக்கொண்டார். நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று சூப்பர்வைசருக்கு இப்போது தெரியும். அதனால் அம்மாவின் ஜுரம் பொய் என்றும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் தான் துரத்தப்பட்ட கதையையும் சொல்ல வேண்டும். இருவரும் என் தலைக்கு மேலே கைகுலுக்கிக்கொண்டார்கள். பொய்க்காரியாக நான் ஒருத்தி இருந்தால் இருவருக்கும் வசதி.

இரண்டு நாள் கழித்து ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வேன் பாய் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்தார்.

"பாப்பா, பச்சக் கயிறு. கரெக்டு. நாயி வாலும் கரெக்டு."

நான் கால் விரலால் மண்ணைக் கிளறினேன்.

"சாரு பெரிய பெரிய ஆளு பேரெல்லாம் சொல்லிப் பாத்தாரு. அந்த ஆளு விசில் ஊதறத நிறுத்தவே இல்ல. ஊர் ஜனம் கூடிப்போச்சு. சட்டைக்குள்ள வெச்சிருந்த துண்ட எடுத்துக் கொடுத்துட்டு, ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு. வர்ற வழியில ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நிறுத்தினேன், அப்ப பொறுக்கினாரு அந்தக் கல்ல." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். என் கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயை வைத்தார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் இதை அன்றைக்கு அந்த அறையில், அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். ஆளில்லாத இடத்தில் சொல்கிற உண்மைக்கு மிட்டாய்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மிட்டாயைச் சாக்கடையில் போட்டேன்.

ஜெர்மன்காரர் வந்தார். கல்லை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாராம். அது அவர் ஊர் வரைக்கும் போனதா, வழியிலேயே யார் வீட்டு வாசலிலாவது கிடந்ததா, யாருக்குத் தெரியும். மேனேஜர் நாற்காலி வரவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் அம்மாவைத் தையல் மெஷினுக்கு மாற்றினார்கள். லைன் எப்படியோ காலியாகிவிட்டது. அவள் கண் சிவப்பது நின்றது. ஈரத்துணி கட்டிப் படுப்பதும் நின்றது. மாலையில் வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலைவாரிவிட ஆரம்பித்தாள். நான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை, வாரிவிடுவதை நிறுத்தவும் இல்லை.

எனக்கு 'கதைக்காரி' என்று பெயர் வந்தது அப்படித்தான். அப்பா வைத்த பெயர். உறவுக்காரர்கள் வந்தால், "எங்க கதைக்காரி கல்மரத்தைப் பாத்துட்டு வந்தவ, தெரியுமா?" என்று ஆரம்பித்து விசில், நாய், பாதி வால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். என் கல்யாணத்தில் சொன்னார். என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று சொன்னார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும், நான் பால் பொங்கிவிட்டது என்றால்கூட, நிஜமா கதையா என்று கேட்கிறார். உங்களில் சிலரும் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டீர்கள். மறந்திருப்பீர்கள்.

அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். உங்கள் தொப்பிப் படம் வந்த அன்று அதை அவளிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "யாரிது, நல்லா பைத்தியம் மாதிரி" என்றாள். எங்கே போகிறார்கள் என்று சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தனை வருடமாகக் கேட்காததை அன்று கேட்டேன்.

"அன்னிக்கு சூப்பர்வைசர் முன்னாடி அடிச்ச. சரி. வேலை போயிடும். எனக்குப் புரியுது. அப்பாகிட்டயாவது அப்புறமா சொல்லியிருக்கலாம் இல்ல, நான் பொய் சொல்லலன்னு?"

அம்மா கீரைக்கட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். நான் எதற்காக இதைக் கேட்கிறேன் என்று நிஜமாகவே அவளுக்கு விளங்கவில்லை.

"சொன்னேனே. அன்னிக்கு சாயந்தரமே சொல்லிட்டேனே. உங்கப்பா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. ஒரு நாள்ல போயி பாத்துட்டு வந்துட்டீங்களா ரெண்டு பேரும், நாங்கதான் மாங்கா மடையனுங்கன்னாரு. உன்ன நெனைச்சி அவருக்கு அவ்ளோ பெரும."

அந்த இரண்டு வார்த்தையை என்னிடம் சொல்ல அதற்கப்புறம் அவருக்கு முப்பத்தொரு வருடம் இருந்தது.